இடுப்பளவு வேலி

கரையான்சாவடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ரைஹானாவுக்கு உன் அத்தா நஜீர் கடையில் உட்கார்ந்து எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் மாப்பிள்ளை சர்ஃபராஸுக்கும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன உயிருக்கும் அல்லாஹ் ஒரு குறையும் வைக்காமல் காப்பாற்றட்டும். இந்த இடத்தில் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவேன், அதுதான் என் வழக்கம். இன்றைக்கு அந்த வரி வரமாட்டேன் என்கிறது கண்ணு. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பேப்பரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், கடைப் பையன் தேவா டீ வாங்கி வைத்து அதுவும் ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. பயப்படாதே, யார் உயிருக்கும் ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இதை நின்றுகொண்டு படிக்காதே, தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து படி. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் உன் அம்மாதான் ஓடிவந்து எடுக்கிறாள், ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறாள், அவள் காதில் விழாமல் நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் தேவா போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவான்.

நம் பின்வீட்டுப் பரந்தாமன் மாமாவில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் கடை திறந்த கையோடு வந்து நின்றார். நீ கல்யாணமாகிப் போன பிறகு அவர் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்டார். காலமெல்லாம் அங்கே ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுத்த மனுஷன், சுத்தியல் பிடிக்கத் தெரியாது, ஒரு காலண்டர் மாட்டினாலும் கட்டைவிரலில் அடித்துக்கொண்டு வந்து நிற்பார், உனக்குத் தெரியாததா. வந்ததும் வராததுமாக, பாய், தோட்டத்துல மரத்துல ஒரு வேலி போடணும், இன்னா இன்னா சாமான் வேணும்னு நீயே எடுத்துக் குடு, வாடகைக்குத் தர்றத வாடகைக்குக் குடு என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம். நம் பக்கம் வேலி என்றால் கல்தூண் நட்டு முள்கம்பி இழுப்பார்கள், கொஞ்சம் வசதி இருந்தால் ஹாலோ பிளாக் சுவர். மரத்தில் வேலி என்று நான் பார்த்ததே உன் கால்கரி வீட்டுப் போட்டோவில்தான், பனி மூடிக் கிடந்ததே அது. அட, நம்ம கரையான்சாவடியிலும் ஒருவர் மரவேலி போடுகிறாரே என்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இந்தக் கடையில் யார் வந்து சாமான் கேட்டாலும் எனக்குப் பேச்சு நிற்காது என்று நீ கிண்டல் செய்வாயே, அன்றைக்கு ஒரு டீக்கு மூன்று டீ சொல்லிப் பேசினேன். குழி தோண்டக் கடப்பாரை கொடுத்தேன், குறுகிய குழியிலிருந்து மண்ணை அள்ள நீட்டுக் கைப்பிடி போட்ட கரண்டி கொடுத்தேன், கம்பம் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டும் ரசமட்டமும் கொடுத்தேன். நூல் பிடிக்காமல் ஒரு கம்பமும் நடாதே, ஒன்று கோணினால் எல்லாம் கோணும் என்று சொல்லி நூல்கண்டு ஒன்றைச் சட்டைப் பையிலேயே போட்டு அனுப்பினேன். மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூசச் சொன்னேன், இல்லாவிட்டால் நம் மண்ணில் கரையான் விடாது. பலகைக்கு என்ன செய்வாய் என்றேன், பழைய கம்பெனியில் பேக்கிங் பெட்டிப் பலகை கேட்டிருப்பதாகச் சொன்னார். அது பைன் மரம், துளை போடாமல் ஆணி அடித்தால் பிளந்துகொள்ளும், முதலில் டிரில்லிங் மெஷினால் ஓட்டை போட்டு அப்புறம் ஸ்க்ரூ முறுக்கு என்று சொல்லி, வாடகைக்கு விடும் மெஷின்களில் புதியதாக இருந்ததை எடுத்துக் கொடுத்து, ஒரு கட்டையில் ஓட்டையும் போட்டுக் காட்டினேன். மெஷின் சத்தம் கேட்டு அவர் இரண்டடி பின்னால் போனார்.

ஆனால் அவர் கேட்டதெல்லாம் விசித்திரமாக இருந்தது. உயரம் எத்தனை அடி என்று கேட்டால் பாக்கெட்டிலிருந்து ஒரு பாவாடை நாடாவை எடுத்தார், அதில் ஒரு முடிச்சு. தரையிலிருந்து இந்த முடிச்சு வரைக்கும்தான் பாய், கூடவும் கூடாது கொறையவும் கூடாது என்றார். பிடித்துப் பார்த்தால் என் இடுப்பு எலும்புக்கும் கீழே இருக்கிறது. இன்னாத்துக்கு இந்த வேலி, ஆடு கூட தாண்டிப் போய்டுமே என்று சிரித்தேன். சரி, மேல்சட்டத்துக்கு மட்டுமாவது இரும்புப் பைப் போட்டுக்கொள், காலத்துக்கும் நிற்கும் என்றால், பைப்பு வெயில்ல கொதிக்கும் பாய், கைய வெக்க முடியாது என்கிறார். வேலிய எவன் கட்டிப்புடிக்கப் போறான் என்று நான் மறுபடி சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. எவனும் ஏறாமல் இருக்க மேலே ஆணியைக் கூராக நிறுத்திவிடு என்று ஒரு யோசனையும் சொன்னேன், அந்த மனுஷன் முகம் வெளுத்துப்போய்விட்டது. கடைசியில் உப்புத்தாள் கேட்டார். முரடு, நடுத்தரம், நைஸ் என்று மூன்றும் கட்டுக்கட்டாக வாங்கினார். சிலாம்பு ஒண்ணு கூட குத்தக்கூடாது பாய், ஸ்க்ரூ தலையும் உள்ள பூந்துடணும் என்றார். வேலிக்கு எதற்கு இத்தனை தேய்ப்பு, தொட்டிலா செய்கிறாய் என்று கேலி செய்துதான் அனுப்பினேன். யார் வீட்டுப் பக்கம் வேலி, எதற்கு வேலி என்று கேட்டேனா என்றால் கேட்கவில்லை. ஹார்டுவேர் கடைக்காரன் எவனும் கேட்க மாட்டான் ரைஹானா. எத்தனை அடி, மரமா இரும்பா, சொந்தமா வாடகையா, இதற்கு மேல் நம் வாயில் வராது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடித்துச் சாப்பிட வீட்டுக்கு வந்து, கால் கழுவலாம் என்று பின்பக்கம் போனேன். தூக்கிவாரிப் போட்டது எனக்கு. நம் சமையலறைப் படியை ஒட்டி, சரியாகப் படியை ஒட்டி, தார் பூசின கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. என் கடப்பாரை சாய்ந்து கிடக்கிறது, என் நூல்கண்டு உருண்டு கிடக்கிறது, என் மெஷின் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் வீடு கட்டின நாளிலிருந்து ஒரு செங்கல் வைத்ததில்லை. ரமலான் மாதம் பூரா நோன்புக் கஞ்சி தூக்கு இந்த வழியாகத்தான் அங்கே போகும், பொங்கலன்று அவர்கள் வீட்டுக் கரும்பும் வெண்கலப் பானையும் இந்த வழியாகத்தான் வரும், உன் கல்யாணத்துக்குத் தேக்சா ஏற்றிப் பிரியாணி போட்டதே அந்த இரண்டு கொல்லையையும் சேர்த்துத்தானே. அந்த இடத்தில் வேலியா? அதுவும் என் கடையில் வந்து, என் வாயாலேயே யோசனை கேட்டு, என் சாமானை வைத்தே எனக்கு வேலியா? ஊரில் இப்போது யார் யாரோ என்னென்னவோ பேசுகிறார்கள், அது இந்த ஆள் காதிலும் ஏறிவிட்டதா என்று கூட நினைத்தேன். வெட்கத்தை விட்டு உனக்குச் சொல்கிறேன். கம்பங்கள் நேராகவும் இல்லை, படியில் ஆரம்பித்துத் துணி துவைக்கும் கல்லைச் சுற்றி வளைந்து போகின்றன. நூல் பிடிக்கக் கூடத் தெரியாத ஆளுக்கு வேலி ஒரு கேடா என்று பல்லைக் கடித்தேனே ஒழிய, அந்த வளைவு எங்கே போகிறது என்று நின்று பார்க்கவில்லை.

உள்ளே வந்து உன் அம்மாவிடம் கத்தினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, இருந்துட்டுப் போவட்டும் வுடுங்க, சாப்புடுங்க என்கிறாள். முப்பது வருஷத்து சிநேகம் பின்பக்கம் வேலி போட்டு முடிகிறது, இவளுக்கு உறைக்கவே இல்லையே என்று அது வேறு எரிச்சல். சால்னா ஊற்றினாள், பாதி தட்டில், பாதி பாயில். அதற்கும் ஒரு சத்தம் போட்டேன். சாப்பிட்ட கை காய்வதற்குள் பரந்தாமன் வீட்டுக்குப் போய்க் கேட்டேவிட்டேன், இன்னாபா அண்ணாத்தே, நான் இன்னா தப்பு பண்ணேன், என் மூஞ்ச பாக்கப் புடிக்கலன்னா சொல்லிட்டுப் போடேன் என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு, கேக்காத பாய், சொல்ற மாரி இல்ல, முடிக்க வுடு என்றார். அவர் சம்சாரம் நாகவல்லி அத்தை கதவுக்குப் பின்னாலேயே நின்றாள், வெளியே வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு மெஷினையும் ஸ்க்ரூ பெட்டியையும் ரசமட்டத்தையும் வாரி எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. இன்னும் கொஞ்சந்தான் பாய் பாக்கி, கெணத்தாண்ட மட்டும், அது முடிஞ்சா எடுத்துக்கினு போயேன் என்று மட்டும் கெஞ்சினார். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அப்புறம் நாலைந்து நாள் பேச்சே இல்லை. நான் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் பின்பக்கம் சர் சர்ரென்று உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் வரும். சுத்தியல் சத்தம் வரும், கூடவே பலகை படாரென்று பிளக்கும் சத்தம் வரும். பிளக்கட்டும் என்று நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை ஒருவர் கடைக்கு வந்து அதே டிரில்லிங் மெஷினை வாடகைக்குக் கேட்டார். அது வீட்டில் கிடந்தது. தேவாவைக் கடையில் வைத்துவிட்டு நானே எடுக்க வந்தேன். மெட்ரோ வேலையில் மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அதனால் பின் சந்து வழியாக வண்டியை விட்டு நம் கொல்லைப் பக்கமே வந்து நின்றேன். நல்ல வெயில் நேரம். அப்போதுதான் உன் அம்மா சமையலறைப் படியில் இறங்குகிறாள். ஒரு கையில் மூடி போட்ட கிண்ணம். இன்னொரு கையை நீட்டினாள், அந்த வேலியின் மேல்சட்டம் வந்து அவள் உள்ளங்கையில் உட்கார்ந்துகொண்டது. நாடாவில் இருந்த முடிச்சு யாருடைய அளவு என்று எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது ரைஹானா. சட்டத்தைத் தடவித் தடவி அவள் நடக்கிறாள். கண் தரையில் இல்லை, எங்கேயும் இல்லை. துவைக்கும் கல்லிடம் சட்டம் வளைகிறது, அவளும் வளைகிறாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறேன். அந்த வேலி இரண்டு வீட்டுக்கும் குறுக்கே போகவே இல்லை. நம் படியிலிருந்து அவர்கள் படிக்கு நெடுகப் போகிறது. கல்லையும் சாக்கடையையும் கிணற்றையும் ஒதுக்கிவிட்டு வழி மட்டும் காட்டிக்கொண்டு போகிறது.

கிணற்றடி வந்ததும் சட்டம் தீர்ந்துபோனது. அங்கே கம்பம் மட்டும் நட்டிருக்கிறது, மேலே ஒன்றும் இல்லை, பிளந்த பலகை இரண்டு கீழே கிடக்கிறது. நான் மெஷினைப் பிடுங்கிக்கொண்டு வந்ததால் நின்றுபோன இடம் அதுதான். உன் அம்மாவின் கை காற்றில் துழாவுகிறது. அந்தப் பக்கம், இந்தப் பக்கம். ஒரு காலை மெல்ல நீட்டித் தடவிப் பார்க்கிறாள், நீட்டின பக்கம் கிணறு. அந்தக் கிணற்றுச் சுவர் முழங்காலுக்குக் கூட வராது, மேலே ஒரு பழைய தகரத்தைப் போட்டு இரண்டு செங்கல் வைத்திருக்கிறார்கள், பூனை குதித்தாலே உள்ளே போய்விடும். யா அல்லாஹ், எனக்குக் கத்த வாய் வருகிறது, கத்தினால் திடுக்கிட்டுக் காலை எடுத்து வைத்துவிடுவாளோ என்று பயம், வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் கையை இறுக்கிப் பிடித்துவிட்டேன். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, வந்துட்டியா நாகா, இன்னாடி கையி இன்னிக்கி இப்டி சொரசொரன்னு கீது, உன்னையும் தேய்க்க வெச்சிட்டாரா உன் ஊட்டுக்காரரு என்றாள்.

பட்டப்பகல். ஒரு முழ தூரத்தில் நிற்கிறேன். என்னை நாகவல்லி என்கிறாள். ஜரினா, நான்தான் என்றேன். கிண்ணம் கீழே விழுந்து சேமியா எல்லாம் கொட்டிப்போனது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் என் கையை உதறிவிட்டு, ஒண்ணுமில்ல, வெயிலு கண்ண கூசுது என்றாள். அந்த நிலைமையிலும் என்னை ஏமாற்றப் பார்க்கிறாள் உன் அம்மா!

அதற்குள் நாகவல்லி அத்தை ஓடிவந்துவிட்டாள். அவள்தான் எல்லாவற்றையும் கொட்டினாள். போன ரமலானிலிருந்தே உன் அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறதாம். எல்லாம் சர்க்கரை செய்த வேலை. நடுவில் ஒரு மறைப்பு, ஓரம் மட்டும் மசமசவென்று தெரிகிறதாம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று நாகவல்லியிடம் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மாத்திரைப் பட்டையைப் பிரித்துக் கொடுக்க, நீ அனுப்பும் மெசேஜைப் படித்துச் சொல்ல, அரிசியில் கல் பார்க்க, எல்லாவற்றுக்கும் தினம் நான் கடைக்குக் கிளம்பினதும் அங்கேதான் போகிறாள். வேலி போடுவதற்கு முந்தின வாரம் கிணற்றுத் தகரத்தில் கால் வைத்துவிட்டாளாம், கையில் இருந்த பாத்திரம் உள்ளே விழுந்து தொலைந்தது, இவளைப் புடவையைப் பிடித்து இழுத்திருக்கிறாள் நாகவல்லி. சத்தியத்தை மீறி என்னிடம் சொல்லவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல் புருஷனும் பெண்டாட்டியும் யோசித்து யோசித்து இந்த வேலியைப் பிடித்திருக்கிறார்கள். கிணற்றுக்கு ஒரு நல்ல மூடி போட்டால் போதாதா என்று நான் கேட்டேன். பின்னாலேயே வந்து நின்ற பரந்தாமன் சொன்னார், மூடி போட்டா உழாம இருப்பாங்க பாய், வழி எப்டி தெரியும்?

நான் துவைக்கும் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாகவல்லி விடவில்லை, ஊடு பூரா லைட்டு மாத்துனியே பாய், ஒரு நாளாச்சும் ஜரினாக்கா கண்ண பாத்தியா என்று கேட்டுவிட்டாள். உன் அம்மா ஆறு மாதமாக வெளிச்சமே இல்லை, வெளிச்சமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஹார்டுவேர்காரன் ஆயிற்றே! கரண்டு ஆபீஸ்காரனைத் திட்டினேன், வோல்டேஜ் குறைவு என்று ஸ்டெபிலைசர் மாட்டினேன், பல்பு கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று சொல்லி அதைவிடப் பெரிய பல்பு போட்டேன், அப்புறம் டியூப், அப்புறம் கிரிக்கெட் கிரவுண்டு மாதிரி ஒரு விளக்கு. போன தடவை வீடியோவில் என்ன அத்தா நம்ம வீடு நகைக்கடை மாதிரி ஜொலிக்கிறது என்று நீ கேட்டாயே, நான் பெருமையாக ஒவ்வொரு அறையாகத் திருப்பித் திருப்பிக் காட்டினேனே!

ஏன் மறைத்தாள் என்று நீ கேட்பாய். உன்னால்தான். உன்னைக் குற்றம் சொல்லவில்லை கண்ணு, அழாதே. உன் பிரசவத்துக்கு அங்கே வருவதாக உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள் அல்லவா, கண் தெரியவில்லை என்று தெரிந்தால் நான் பிளேன் ஏற விடமாட்டேன், நீயும் வேண்டாம் என்பாய் என்று பயந்திருக்கிறாள். நான் கோபத்தில், கண்ணு தெரியாம அங்க போயி இன்னா செய்வே என்று கேட்டேன். கொழந்தைய குளுப்பாட்ட கண்ணு எதுக்குங்க, கையி போதும் என்றாள்.

வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பரந்தாமனும் நாகவல்லியும் வீட்டையே கட்டிக்கொண்டு வருவது போல் சாப்பாட்டுப் பையோடு கூடவே வந்தார்கள். விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது, ரத்தக்கசிவும் இருக்கிறது என்றார் டாக்டர் அம்மா. கெட்டுப்போன பார்வை முழுசாகத் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், கொஞ்சம் தெளிந்தாலும் தெளியும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டுமாம், மாதா மாதம், ஒன்றையும் தவறவிடக் கூடாதாம். கண்ணில் ஊசி என்று கேட்டதும் எனக்கு மயக்கம் வருவது போல் ஆகி நாகவல்லி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள், உன் அம்மாவோ, போடுங்க டாக்டர், ஆனா பிளேன்ல போவலாமா அத சொல்லுங்க முதல்ல என்கிறாள். முதல் மூன்று ஊசி முடியட்டும், பார்த்துச் சொல்கிறேன், போனாலும் தனியாக அனுப்பாதீர்கள் என்றார் டாக்டர். முதல் ஊசி அன்றைக்கே போட்டாயிற்று, அல்லாஹ் காப்பாற்றினான், ஒரு வார்த்தை முனகவில்லை. டாக்டர் இன்னொன்றும் சொன்னார், அதைக் கேட்டதும் எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. வீடியோவில் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசுகிறாள், என் மேல் வருத்தமா என்று என்னிடம் கேட்டாயே. அவளுக்கு நேராகப் பார்த்தால் தெரியாது ரைஹானா. ஓரக்கண்ணில்தான் தெரியும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட போதெல்லாம் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை கடையைத் திறக்கவில்லை. மெஷினையும் ஸ்க்ரூ பெட்டியையும் ரசமட்டத்தையும் தூக்கிக்கொண்டு போய்ப் பரந்தாமன் முன்னால் வைத்தேன். மன்னிச்சுடு அண்ணாத்தே என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் அதெல்லாம் அப்புறம் பாய், இந்தப் பக்கம் புடி என்று பலகையின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டார். நான் ஓட்டை போட்டேன், அவர் முறுக்கினார், கிணற்றடியில் விட்டுப்போன இடத்தை முடித்தோம். கிணற்றுக்கு இரும்புக் கிராதி மூடியும் கொக்கியும் போட்டாயிற்று. மேல்சட்டத்தைத் தேய்த்து முடித்துவிட்டேன் என்று அவர் சொன்னார், நான் நம்பவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நம் படியிலிருந்து அவர்கள் படிவரைக்கும் கையால் தடவிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் கூடக் குத்தவில்லை. அந்த மனுஷன் கையைப் பிடித்துப் பார்த்தேன், விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. வீட்டில் பல்பையெல்லாம் கழற்றப்போனேன், இருக்கட்டும் ஓரமா கொஞ்சம் தெரியுது என்றாள் உன் அம்மா, விட்டுவிட்டேன்.

இதை உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடமும் சத்தியம் கேட்டாள். நான் செய்யவில்லை. இந்த வீட்டில் சத்தியம் செய்தது போதும். அதனால் நீ விஷயம் தெரிந்தவளாகவே அவளிடம் பேசு, ஆனால் அவள் முன்னால் அழுதுவிடாதே, சத்தமில்லாமல் அழுதாலும் குரலில் இருந்தே கண்டுபிடித்துவிடுவாள், இப்போது அவள் காது பொல்லாத காதாக இருக்கிறது. போனில் முகத்தை நடுவில் வைக்காமல் கொஞ்சம் ஓரமாக வைத்துக்கொள், மாப்பிள்ளையையும் அப்படியே வைத்துக்கொள்ளச் சொல். உனக்கும் மாசமாக இருக்கிற நேரத்துச் சர்க்கரை வரக்கூடும், அங்கே டெஸ்ட் எடுக்கச் சொன்னால் நாளைக்கு என்று தள்ளாதே, நம் குடும்பத்துக்கு அது ஆகாது. பேரீச்சம்பழம் சாப்பிடு, ஆனால் டப்பாவோடு உட்கார்ந்துகொள்ளாதே. பனியில் வழுக்கும் செருப்பைப் போடாதே. நாகவல்லி அத்தை உனக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள்.

யார் கொண்டுவருவார்கள் என்று கேட்காதே. டாக்டர் சரி என்று சொல்லட்டும், ஊசித் தேதிகளுக்கு நடுவில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். கடையைத் தேவா பார்த்துக்கொள்வான். இத்தனை வருஷம் ஒரு நாள் கூடக் கடையை மூடாத அத்தா கால்கரிக்கு வருகிறாரா என்று நீ ஆச்சரியப்படுவாய், எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. உங்கள் இருவருக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் என் துஆ எப்போதும் உண்டு, அல்லாஹ் சுகப்பிரசவம் ஆக்கி வைக்கட்டும், உன் அம்மாவுக்கு அந்த முகத்தை ஓரக்கண்ணிலாவது காட்டட்டும். மறக்காமல் ஒரு வேலை செய். உன் வீட்டு மாடிப்படிக் கைப்பிடியையும் பின்பக்கத்து மரவேலியின் மேல்சட்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பார்த்து, எங்கெங்கே சிலாம்பு குத்துகிறது என்று எனக்கு எழுது. உப்புத்தாள் மூன்று ரகமும் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டேன்.

உன் அத்தா,
மு. நஜீர்.